கோழிக்கூட்டுக்குள் ஏன் தண்ணீர் சொட்டுகிறது?

கேள்வி: ஊட்டி பக்கம் பள்ளத்தில் எங்கள் வீடு. 12 நாட்டுக்கோழி, ஒரு சேவல் வளர்க்கிறேன். உறைபனிக்குப் பயந்து கூட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, ஒரு இடுக்குகூட இல்லாமல் அடைத்துவிட்டேன். இரும்புக் குழாயில்தான் அடைகின்றன. காலையில் தும்முகின்றன. சேவலின் கொண்டை நுனி கறுத்திருக்கிறது, முட்டையும் குறைந்துவிட்டது. 100 வாட் பல்பு மாட்டலாமா, கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மூடிய கூட்டில் கரி அடுப்பு வைத்தால் விஷப்புகையில் விடிவதற்குள் எல்லாம் செத்துக் கிடக்கும். பல்பு கழன்று உமியில் விழுந்தால் கூடே எரிந்துவிடும்.

நாளை விடியற்காலை கதவைத் திறந்ததும் தார்ப்பாயின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனையும். மழையில்லாத இரவில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? 13 உருப்படிகளின் மூச்சும் எச்சமும்தான். வெளியேற வழியில்லாத ஈரக்காற்று, குளிர்ந்த தார்ப்பாயில் பட்டு நீராகிச் சொட்டுகிறது.

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால் இடையில் சிக்கும் காற்றே அதற்குக் கம்பளி. வளர்ந்த கோழி உங்கள் ஊர்ப் பனியை அப்படியே தாங்கிவிடும். இறகு நனைந்தால்தான் அந்தக் கம்பளி வேலை செய்யாது. கொண்டை ஈரமாக இருக்கும்போதுதான் பனி சீக்கிரம் கடிக்கும்.

எனவே முதல் வேலை, கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் நான்கு விரல் உயரத்துக்குத் தார்ப்பாயை விலக்கிவிடுவது. மரநாய் நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். கோழிகள் அடையும் உயரத்திலும் அதற்குக் கீழேயும் தார்ப்பாய் அப்படியே இருக்கட்டும். காற்று தலைக்கு மேலே போகலாம், உடம்பில் அடிக்கக் கூடாது. சரியாகச் செய்தோமா என்று பார்க்க, கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால், எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு இன்னும் தேங்குகிறது என்று பொருள். தும்மலுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். நான்கைந்து நாளில் தும்மல் நிற்காமல் மூக்கு ஒழுகினால், முகம் வீங்கினால், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இரும்புக் குழாயை இன்றைக்கே கழற்றுங்கள். இரும்பு காலிலிருந்து சூட்டை உறிஞ்சும். நான்கு அங்குல அகலப் பலகையைத் தட்டையாகப் போட்டால் விரல்களை விரித்து உட்காரும். வயிற்று இறகு முழுப் பாதத்தையும் மூடிக்கொள்ளும். தரையில் அரை அடி கனத்துக்கு உமியோ கடலைத்தோலோ பரப்பி, இரண்டு நாளுக்கொருமுறை கிளறிவிடுங்கள். கையில் பிடித்தால் கட்டி சேரும் கூளத்தை அள்ளி எறிந்துவிடுங்கள். ஈரக்கூளம் ரத்தக்கழிச்சலுக்கும் இடம் கொடுக்கும்.

அடையும் நேரத்துக்கு அரை மணி முன்பு வழக்கமான தீவனத்தோடு ஆளுக்கு ஒரு சிறு பிடி உடைத்த மக்காச்சோளம் போடுங்கள். இரைப்பை நிறைந்த கோழிக்கு இரவெல்லாம் செரிமானச் சூடு கிடைக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் வெளியே எடுத்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பாக ஊற்றிக் கொடுங்கள்.

சேவல் விஷயம்: நுனி மட்டும் காய்ந்து கறுத்திருந்தால் அது பனிக்கடி. தேய்க்காதீர்கள், பிய்க்காதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள், தானாக உதிரும். கொண்டை முழுவதும் நீலம் பாரித்து, சேவலும் சோர்ந்திருந்தால் அது வேறு நோய், மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்த முறை சேவல் வாங்கும்போது, தலையோடு ஒட்டிய குட்டைக் கொண்டை உள்ள அசீல் வகையைப் பாருங்கள். பனி கடிக்க அதில் இடம் குறைவு.

பள்ளத்தில் இருப்பதும் ஒரு சிக்கல்தான். தெளிந்த இரவில் குளிர்காற்று சரிந்து வந்து பள்ளத்தில்தான் தேங்கும். கூட்டைச் சரிவில் சற்று மேலே, காலை வெயில் படும்படி தென்கிழக்கு பார்த்து மாற்ற முடிந்தால் பாதித் தொல்லை தீரும். முடியாவிட்டால், புல்லில் பனி உருகிய பிறகு திறந்துவிடுங்கள்.

குஞ்சுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு கட்டாயம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். ஆகவே டிசம்பரில் அடைவைக்காதீர்கள்.

முட்டை குறைந்ததற்குப் பனியை மட்டும் குறை சொல்ல முடியாது. நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். இப்போது உங்கள் ஊரில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். இறகு உதிர்க்கும் கோழியும் இடாது. பொழுது நீள நீளக் கூடும்.