தமிழ்நாடு ட்ரிப்ல பிள்ளைங்க சலிச்சுப் போனா

மீதி ஊர்ல பாதிய வெட்டிடுங்க. சிங்கப்பூர்லேருந்து, வீட்லயே படிக்கிற பிள்ளைங்களோட 6 வாரத்துல 14 ஊர்னு போட்டுட்டு, ரெண்டாவது வாரமே பிள்ளைங்க கோயில்னா கார விட்டு இறங்க மாட்டேங்குறாங்கன்னு கேட்டிருக்கீங்க, அது ஆர்வம் இல்லாம இல்ல, தினம் பெட்டி கட்டி கட்டி அலுத்திருக்கும்.

நாங்க தஞ்சாவூர்ல மட்டும் 8 நாள் தங்கினோம். முதல் நாள் பெரிய கோயில்ல என் பையன் எதையும் பாக்கல. மூணாவது நாள் கீழ் சுவத்து கல்வெட்டு பக்கத்துல குந்திக்கிட்டு "ம்மா இது ட, இது ப"ன்னு தானா கண்டுபிடிச்சான், 1000 வருஷத்து எழுத்த சிங்கப்பூர் பிடோக்ல வளந்த பிள்ளை படிக்குதேன்னு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஒண்ணு செஞ்சு பாருங்க, நைட்டு சாப்பிடும்போது ஃபோனப் பாக்காம இன்னிக்கு பாத்ததுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. ரெண்டு நாள் ஒண்ணுமே வரலன்னா மறுநாள் எங்கேயும் போகாதீங்க. கணக்குப் பாடம் மட்டும் காலையில முக்கால் மணி நேரம், அத விடாதீங்க.

விசாவ இன்னிக்கே பாருங்க. 30 நாள் இந்திய ஈ-விசான்னா இறங்கின நாள்லேருந்து எண்ணுவாங்க, 6 வாரத்துக்கு பத்தாது. பெரியவளுக்கு அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ (சிங்கப்பூர் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு)ன்னீங்க, வீட்ல படிச்சாலும் எழுதியே ஆகணும், ஆகஸ்ட்லயே வாய்மொழித் தேர்வு வந்துரும், அப்போ நீண்ட ட்ரிப் எதுவும் வைக்காதீங்க.