எம்எச்370 தேடல்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடி வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தப் பதில்களை எழுதுகிறேன். கடல்தளத்தை சோனாரில் (ஒலியை அனுப்பி எதிரொலியால் பார்க்கும் கருவி) அளக்கும் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். கடலுக்கடியில் தேடுவது பற்றிக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் சுருக்கமாகத்தான் வரும். தெரியாதவர்களுக்காக: 2014 மார்ச் 8 அதிகாலை 12:42க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பி, வழியில் காணாமல் போன போயிங் 777 விமானம்தான் எம்எச்370. உள்ளே இருந்தவர்கள் 239 பேர். இந்தியர்கள் 5 பேர், அவர்களில் ஒருவர் சென்னையில் வாழ்ந்தவர்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: தம்பி, என் மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். அவன் விமானம் ஏறினாலே எனக்கு இந்த நினைப்புதான். ரேடார் என்று ஒன்று இருக்கும்போது இவ்வளவு பெரிய விமானம் எப்படிக் காணாமல் போகும்?

ஆச்சி, நடுக்கடலில் ரேடார் கிடையாது. கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் வரைதான் அதன் கண். அதற்கப்புறம் விமானம் தானாகத் தன்னைப் பற்றிச் சொன்னால்தான் உண்டு. ரேடார் எல்லைக்குள் இருக்கும்போதும், தரை ரேடார் கேட்டால் தன் அடையாளத்தைப் பதிலாகச் சொல்லும் கருவி ஒன்று விமானத்தில் உண்டு, அதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். மலேசிய வான்வெளி முடிந்து வியட்நாம் வான்வெளி தொடங்கும் இடத்தில், 1:21க்கு அது நின்றுபோனது. இந்தப் பக்கம் 'அவர்களிடம் போய்விட்டது' என்று நினைத்தார்கள், அந்தப் பக்கம் 'இன்னும் வரவில்லையே' என்று நினைத்தார்கள். மீட்பு மையம் இயங்கத் தொடங்கியதே 5:30க்குத்தான்.

அதற்குள் விமானம் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குக்குப் பக்கத்தில் போய், மலாக்கா நீரிணையில் வடமேற்காகப் பறந்திருந்தது. ராணுவ ரேடாரில் 2:22 வரை அது தெரிந்திருக்கிறது. தேடியவர்களோ முதல் ஒரு வாரம் தென்சீனக் கடலில்தான் முக்கியமாகத் தேடினார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். மிதக்கும் பொருள் முதல் சில நாட்களில் கிடைத்தால்தான் விழுந்த இடத்தைக் கணக்குப் போட முடியும். அந்த நாட்கள் தவறான கடலில் போயின.

உங்கள் மகனைப் பற்றி: 2018 நவம்பரிலிருந்து பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடத்தை நடுக்கடலிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நிறுவனம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று சர்வதேச விதி வந்துவிட்டது. தைரியமாக இருங்கள்.

அழகப்பா பல்கலைக்கழக மாணவி: சார், 'ஏழாவது வளைவு' என்கிறார்களே, அது என்ன?

நல்ல கேள்வி. தேடல் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

விமானத்தின் கூரையில் ஒரு ஆன்டெனா உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தரைநிலையம் அதனிடம் 'இருக்கிறாயா?' என்று அவ்வப்போது கேட்கும். விமானம் 'இருக்கிறேன்' என்று பதில் தரும். அந்தப் பதிலில் இடம் பற்றிய தகவல் எதுவும் கிடையாது. ஆனால் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்பது பதிவாகும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியும், திசை தெரியாது. 'காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் புதுக்கோட்டையிலும் இருக்கலாம், சிவகங்கையிலும் இருக்கலாம். அப்படி அந்தத் தூரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்தால் பூமியின் மேல் ஒரு வளைவு கிடைக்கும். 2:25 முதல் 8:19 வரை இப்படி ஏழு.

வடக்கா தெற்கா என்பதை இன்னொரு அளவு சொன்னது. விமானம் நகரும்போது சிக்னலின் அலைவரிசை லேசாக மாறும். அந்தச் செயற்கைக்கோளும் ஒரே புள்ளியில் நிற்காமல் வடக்கும் தெற்குமாகச் சற்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் இருந்ததால்தான் வடக்குப் பாதைக்கும் தெற்குப் பாதைக்கும் கணக்கு வேறுபட்டது. கணக்கு தெற்கோடு பொருந்தியது.

கடைசி 8:19 பதிவு வித்தியாசமானது. தரை கேட்காமலே விமானம் தானாக மறுபடி இணையப் பார்த்தது. எரிபொருள் தீர்ந்து மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் அப்படி நடக்கும். அந்த நேரத்து அலைவரிசை, விமானம் மிக வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது. அதனால்தான் ஏழாவது வளைவை ஒட்டியே தேடினார்கள். வளைவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம் என்பதுதான் சிக்கல்.

புதுவயல், அரிசி ஆலை வைத்திருப்பவர்: தெருவில் நிற்கும் காரையே சாட்டிலைட் படம் எடுக்கும் காலம் இது. கடலைப் படம் எடுத்துப் பார்த்தால் ஆகாதா?

படம் எடுத்தார்கள். அலைநுரையும் குப்பையும் நிறையத் தெரிந்தன. விமானம் கிடப்பதாகக் கருதும் பகுதியில் கடல் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம். வெளிச்சம் அங்கே போகாது.

கானாடுகாத்தான், பள்ளி மாணவர்: நம் ஊர்ப் பக்கம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் இருக்கிறதே. அது மாதிரி ஒரு தீவில் ரகசியமாக இறக்கியிருக்கலாம் இல்லையா?

தம்பி, 777 இறங்க நீண்ட, உறுதியான ஓடுதளம் வேண்டும். அதை விடு. இறங்கிய விமானத்தின் இறக்கைத் துண்டு ஆப்பிரிக்கா பக்கம் இருக்கும் ரீயூனியன் தீவுக் கரையில் ஒதுங்காது. 2015 ஜூலை 29 அன்று ஒதுங்கியது. உள்ளே இருந்த எண்களைத் தயாரிப்பாளரின் பதிவேட்டோடு ஒப்பிட்டு இதே விமானம்தான் என்று உறுதி செய்தார்கள். அதோடு சேர்த்து மூன்று துண்டுகள் உறுதியாகியிருக்கின்றன.

காரைக்குடி செக்காலையிலிருந்து ஒருவர்: விமானிதான் செய்தார் என்கிறார்களே?

என் துறை இல்லை. 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே சொன்னது. தன் பக்க நியாயத்தைச் சொல்ல முடியாத ஒருவர் மேல் பழி போடும் பேச்சை நாம் வளர்க்க வேண்டாம். அவருக்கும் குடும்பம் உண்டு.

தொண்டி, விசைப்படகு உரிமையாளர்: அண்ணே, ரீயூனியனில் ஒதுங்கியது என்கிறீர்கள். விழுந்ததாகச் சொல்லும் இடத்துக்குப் பக்கம் ஆஸ்திரேலியா. அங்கே ஒதுங்காமல் கடலையே கடந்து ஆப்பிரிக்கா பக்கம் போகுமா? நான் நம்பவில்லை.

போகும் பாய். தென் இந்தியப் பெருங்கடலின் நீரோட்டம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே விழுந்தது வடக்கே ஏறி, அப்புறம் மேற்கே மடகாஸ்கர் நோக்கி இழுபடும்.

அவரே மறுபடி: எங்கள் கடலில் வாடைக்காற்றுக்கு ஒரு பக்கம், கச்சான் காற்றுக்கு மறுபக்கம் நீவாடு (நீரோட்டம்) மாறும். அங்கே மட்டும் வருஷம் முழுக்க ஒரே பக்கமா?

பாக் நீரிணையில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பருவக்காற்று மாற மாற வட இந்தியப் பெருங்கடலின் ஓட்டமும் திரும்பும். ஆனால் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் அந்த ஆட்சி முடிந்துவிடும். அங்கே மேற்கு நோக்கிய ஓட்டம் வருஷம் முழுக்க உண்டு.

மறுபடியும் அவரே: சரி. ஒரே இடத்தில் போட்ட போயாவும் அறுந்த வலையும் ஒன்றாகப் போகாது. காற்று பிடிப்பது ஒரு வழி, நீவாடு பிடிப்பது ஒரு வழி. கம்ப்யூட்டருக்கு இது தெரியுமா?

இந்தத் தொகுப்பிலேயே கூர்மையான கேள்வி இது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரை மட்டும் நம்பாமல், இன்னொரு 777இன் அதே உறுப்பை வாங்கி, ரீயூனியனில் கிடைத்தது எப்படி உடைந்திருந்ததோ அப்படியே வெட்டி, டாஸ்மேனியாவில் கடலில் மிதக்கவிட்டார்கள். அது காற்றின் போக்கில் நேராகப் போகவில்லை. சுமார் 20 டிகிரி இடப்பக்கம் விலகியது, எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் போனது. அந்த வேகத்தைப் போட்டுக் கணக்கிட்ட பிறகுதான் ரீயூனியனுக்கு வந்த காலம் சரியாகப் பொருந்தியது. 2017இல் அவர்கள் தெற்கு அட்சரேகை 35 டிகிரியை ஒட்டிய பகுதியைச் சுட்டியதற்கு இது ஒரு காரணம். ஆஸ்திரேலியக் கரையில் எதுவும் கிடைக்காததும் அந்தக் கணக்கில் ஒரு சாட்சிதான் பாய்.

கோட்டையூரிலிருந்து: சாட்டிலைட் படத்தில் தேடவில்லையா?

புதுவயல்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர்: இத்தனை கப்பல் போயும் சோனாருக்கு ஏன் சிக்கவில்லை? அலுமினியம் அரித்துப் போயிருக்குமோ?

அரிப்பு பற்றி உங்கள் ஆய்வகத்தில்தான் நான் கேட்க வேண்டும். ஆனால் என்ஜின், இறங்குசக்கரக் கால்கள் எல்லாம் பல ஆண்டு தாங்கும். ஏர் பிரான்ஸ் 447 2009 ஜூனில் அட்லாண்டிக்கில் விழுந்தது. 2011 ஏப்ரலில் 3,900 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டபோது உறுப்புகளை அடையாளம் காண முடிந்தது. அங்கே சில நாட்களில் மிதக்கும் துண்டுகள் கிடைத்தன, கடைசியாகத் தெரிந்த இடமும் இருந்தது. அப்படியும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு.

முதல் தேடலில் 10 கிலோமீட்டர் வரை நீளும் கேபிளின் நுனியில் சோனார் கருவியைக் கட்டி, தரைக்கு 100, 150 மீட்டர் மேலே இழுத்துப் போனார்கள். 2016 ஜனவரியில் அந்தக் கருவி, கடல்தளத்திலிருந்து 2,200 மீட்டர் எழுந்து நிற்கும் ஒரு சேற்று எரிமலையில் மோதி அறுந்தே போனது. அப்புறம் மீட்டார்கள். நிலப்பரப்பு அப்படி.

திரையில் பார்ப்பவன் நிலைமையும் தெரிய வேண்டும். சாம்பல் நிறப் பட்டை ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். உலோகம் பளிச்சென்று தெரியும், பின்னால் கருப்பாக நிழல் விழும். பாறையும் அப்படித்தான் தெரியும். நிழலின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்போம். இயற்கை நேர்கோடு போடுவது அபூர்வம். சரிவில், பள்ளத்தின் மறுபக்கத்தில் சோனார் படாத இடம் இருந்துகொண்டே இருக்கும். 1,20,000 சதுர கிலோமீட்டர் பார்த்துவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற கடல்தளத் தேடல் நிறுவனம் தானியங்கிக் கலங்களோடு இன்னொரு 1,12,000 பார்த்தது. 'பார்த்த இடத்தில் இல்லை' என்பது வேறு, 'பார்த்த இடத்தில் கண்ணில் படவில்லை' என்பது வேறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

தேவகோட்டையிலிருந்து: கறுப்புப் பெட்டி சத்தம் போடுமே?

அதன் ஒலிக்கருவிக்கு 30 நாள்தான் பேட்டரி. எம்எச்370இல் விமானத் தரவுப் பெட்டியில் இருந்ததற்கு 2012 டிசம்பரிலேயே பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டது, மாற்றவில்லை. இப்போது 90 நாள் ஓடும் கருவிகள் வந்துவிட்டன.

கண்டனூரிலிருந்து: கம்போடியக் காட்டில் விமானம் கிடந்ததை சாட்டிலைட் படத்தில் கண்டுபிடித்த வீடியோ வந்ததே?

சாட்டிலைட் பற்றி இது மூன்றாவது. பறந்துகொண்டிருந்த விமானம் படத்தில் விழுந்தால் காட்டில் கிடப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வீடியோவைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். போனவர்களின் பிள்ளைகள் கைக்கும் அது போய்ச் சேரும்.

ஆத்தங்குடி, பூக்கல் பட்டறை வைத்திருப்பவர்: இனிமேல் கிடைக்கும் என்று நம்புகிறீர்களா? அல்லது மனசைத் தேற்றச் சொல்கிறீர்களா?

நம்புகிறேன். நம் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 2016 ஜூலை 22 அன்று 29 பேரோடு வங்கக்கடலில் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் மாதக்கணக்கில் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. ஏழரை ஆண்டு அது அங்கேதான் இருந்தது.

எம்எச்370க்கு 2025 மார்ச்சில் மலேசிய அரசு ஓஷன் இன்ஃபினிட்டியோடு புது ஒப்பந்தம் போட்டது. 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. கண்டுபிடித்தால் 7 கோடி டாலர், இல்லையென்றால் ஒரு காசும் இல்லை. தெற்கே குளிர்காலம் நெருங்கியதால் ஏப்ரலில் நிறுத்தி, டிசம்பர் 30 முதல் தொடரப்போவதாக அறிவித்தார்கள். 'மக்கள் பணம் வீண்' என்று எழுதிய நண்பருக்கும் இதுவே பதில்.

பள்ளத்தூர் ஆச்சி மறுபடி: உடம்பு கிடைக்காதவர்களுக்கு எந்த நாளில் திதி கொடுப்பார்கள் தம்பி?

அதை உங்கள் வீட்டு சாஸ்திரிகளிடம்தான் கேட்க வேண்டும் ஆச்சி. சட்டப்படி என்றால், 2015 ஜனவரி 29 அன்று மலேசியா இதை விபத்து என்றும் அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவதாகவும் அறிவித்தது. குடும்பத்தார் பலர் அதை ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

தொண்டிக்காரர்: கடைசியாக ஒன்று. எங்கள் வலையில் ஏதாவது விமானத் துண்டு வந்தால் என்ன செய்ய?

எந்த விமானமாக இருந்தாலும் முதலில் கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், சின்ன எண் தகடு ஏதும் இருந்தால் அதையும். கடலோரக் காவல்படைக்கு 1554இல் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். படகின் அடியைச் சுரண்டுவது போல அதில் ஒட்டியிருக்கும் கொட்டலசை, அந்த ஓடுள்ள சிறு உயிரியை, சுரண்டிவிடாதீர்கள் பாய். அந்த ஓட்டின் வேதியியலை வைத்து, அது எந்த வெப்பநிலை நீரில் வளர்ந்தது என்று கணக்கிட முடியும். துண்டு எந்தக் கடல் வழியாக வந்தது என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.