பௌஷே தெருவில் காத்திருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

பாசடீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் யூனியன் ஸ்டேஷனுக்குத் தினமும் மெட்ரோ ரயிலில் வேலைக்குச் செல்கிறேன். சைனாடவுனைக் கடந்ததும் கீறல் போன்ற ஜன்னல்களுடன் இரண்டு கோபுரங்களும், பக்கத்தில் மென்ஸ் சென்ட்ரல் ஜெயிலின் பழைய கான்கிரீட் கட்டடமும் தெரியும். பழைய கட்டடத்தை மூடிவிட 2021இலேயே முடிவு செய்ததாகப் படித்தேன், ஆனால் இன்னும் மூடவில்லை. நகரத்தின் நடுவே, இவ்வளவு விலைமதிப்புள்ள நிலத்தில் குற்றவாளிகளை ஏன் வைத்திருக்க வேண்டும்? ஒருநாள் அதிகாலையில், ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் பை ஒன்றுடன் நின்ற ஒருவர் என்னிடம் வழி கேட்டார். பயந்து, பதில் சொல்லாமல் விலகி நடந்துவிட்டேன். அது இன்னமும் உறுத்துகிறது.

கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் கடிதத்தில் 'குற்றவாளிகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவில் பிரிசன் வேறு, ஜெயில் வேறு. தண்டனை பெற்றவர்களை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் பிரிசன்களை மாநில அரசோ மத்திய அரசோ நடத்துகிறது. கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் அந்த வகை. ஜெயில் என்பது கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) பொறுப்பு, அதன் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆளுகை. கைதானவர் நீதிபதியின் முன் நிறுத்தப்படும்வரையும், ஜாமீன் கிடைக்காவிட்டால் வழக்கு முடியும்வரையும் இருக்கும் இடம் அது. குறைந்த காலத் தண்டனை பெற்றவர்களும், 2011இல் வந்த மாநிலச் சட்டத்துக்குப் பிறகு சற்று நீண்ட தண்டனை பெற்றவர்களில் ஒரு பகுதியினரும் அங்கே உண்டு என்றாலும், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்னும் தீர்ப்புச் சொல்லப்படாதவர்கள். நம் வழக்கில் அவர்கள் விசாரணைக் கைதிகள். இரண்டையும் சிறை என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டதால் இந்த வேறுபாடு நமக்குக் கண்ணில் படுவதில்லை.

நகரத்தின் நடுவே ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. விசாரணைக் கைதி நீதிமன்றத்துக்கு அருகில் இருந்தாக வேண்டும். 1925இல் கட்டப்பட்ட ஹால் ஆஃப் ஜஸ்டிஸில் நீதிமன்ற அறைகள் கீழேயும் ஜெயில் மேல் மாடிகளிலுமாக ஒரே கட்டடத்தில் இருந்தன. அது போதாமல் போனபோதுதான் 1963இல் பௌஷே தெருவில் மென்ஸ் சென்ட்ரல் ஜெயில் திறக்கப்பட்டது. நீங்கள் பார்க்கும் இரண்டு கோபுரங்கள், அதாவது ட்வின் டவர்ஸ் ஜெயில், பின்னால் வந்தது. கட்டி முடித்த பிறகு, நடத்துவதற்குப் பணமில்லை என்று அதைச் சும்மா பூட்டிவைத்திருந்து 1997இல்தான் திறந்தார்கள். பணக்கார நாட்டிலும் இப்படி நடக்கும்.

உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவரிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் ஜாமீன் தொகைதான். நீதிமன்றம் 50,000 டாலர் என்று நிர்ணயித்தால், முழுத் தொகையையும் கட்டக்கூடியவர் கட்டிவிட்டு, வழக்கு முடிந்ததும் திரும்பப் பெறுவார். முடியாதவர் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும், ஜெயிலைச் சுற்றியுள்ள பெயில் பாண்ட் கடைகளில் ஒன்றுக்குப் போய், வழக்கமான பத்து சதவீதமாக 5,000 டாலர் கொடுப்பார். அந்தப் பணம் திரும்பாது, குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் திரும்பாது. அதற்கும் வழியில்லாதவர் உள்ளேயே இருப்பார். பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அடைத்துவைக்கக் கூடாது என்று 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றமும், பல குற்றச்சாட்டுகளில் கைதானவர்களை முதல் விசாரணைக்கு முன்பே பணம் கேட்காமல் விடுவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் அந்தக் கடைகள் தொழிலை விட்டுவிடவில்லை.

தீர்ப்பு வராத மனிதரை எப்படி நடத்துவது என்ற கேள்வி இந்தக் கட்டடத்திலிருந்தே அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. மென்ஸ் சென்ட்ரல் ஜெயிலின் விசாரணைக் கைதிகள், பார்க்க வரும் மனைவியையும் குழந்தையையும் தொட்டுப் பேச அனுமதி கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் ஓரளவு இணங்கியது. போதைப்பொருளும் ஆயுதமும் உள்ளே வந்துவிடும் என்று ஷெரிஃப் தரப்பு வாதிட, 1984இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, தொட்டுப் பேசும் சந்திப்புக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்றது. சட்டப்படி இன்னும் நிரபராதியான ஒரு தகப்பன், கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் தன் பிள்ளையோடு போனைக் காதில் வைத்துப் பேசுவது என்பதே அந்தத் தீர்ப்பின் நடைமுறைப் பொருள். பாதுகாப்புக் கவலை பொய்யல்ல. ஆனால் எல்லோருக்கும் ஒரே தடை என்பது நிர்வாகத்தின் வசதியே தவிர நீதியல்ல என்பதே என் எண்ணம்.

ஜெயிலுக்குள் பொருள் கடத்துவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காவலர்கள் கைதிகளை அடிக்கிறார்கள் என்ற புகாரை விசாரித்துக்கொண்டிருந்த மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, 2011இல் ஒரு காவலருக்கு லஞ்சம் கொடுத்து, தனக்குத் தகவல் தரும் கைதி ஒருவருக்குக் கைப்பேசி கிடைக்கச் செய்தது. கைப்பேசி பிடிபட்டதும், ஷெரிஃப் துறை அந்தக் கைதியை வேறு பெயர்களில் பதிந்து இடம் மாற்றி மாற்றி, எஃப்பிஐயின் கண்ணிலேயே படாமல் ஒளித்துவைத்தது. இந்த விவகாரத்தில், ஷெரிஃபாக இருந்த லீ பாக்கா 2017இல் மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பால் டனாக்காவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே ஐந்தாண்டு.

மூடும் முடிவுக்கு வருகிறேன். பழைய கட்டடத்தில் நீண்ட நடைபாதையின் ஓரமாகக் கம்பிக் கதவிட்ட அறைகள் வரிசையாக இருக்கின்றன. காவலர் நடந்துவந்து எட்டிப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். யார் யாரை அடித்தாலும் யார் தூக்கில் தொங்கினாலும் தாமதமாகத்தான் தெரியவரும் அமைப்பு அது. இடிக்க வேண்டியதுதான் என்பதில் கவுண்டியில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. இதற்குப் பதிலாக மனநலச் சிகிச்சைக்கென்று கட்டவிருந்த சிறையின் ஒப்பந்தத்தை, சிறைக்குப் பதில் இன்னொரு சிறையா என்ற எதிர்ப்பால் 2019இல் ரத்து செய்தார்கள். 2021இல் மாற்றுக் கட்டடமே இல்லாமல் இரண்டாண்டுக்குள் மூட முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த, கவுண்டியை நிர்வகிக்கும் ஐந்து மேற்பார்வையாளர்களின் கையில் இருப்பது பணம் மட்டும்தான். கைது செய்யும் ஷெரிஃபும் வழக்குத் தொடுக்கும் மாவட்ட வழக்கறிஞரும் வாக்காளர்களால் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். உள்ளே வைக்கும் நீதிபதிகளும் மேற்பார்வையாளர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அந்த வாக்காளர்களே 2024 நவம்பரில், திரும்பத் திரும்பத் திருடுவோருக்கும் சில போதைப்பொருள் குற்றங்களுக்கும் தண்டனையைக் கூட்டும் மாநிலச் சட்டத்துக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள். உள்ளே இருப்பவர்களில் ஐந்தில் இருவருக்குக் குறையாமல் மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள். அவர்களுக்கு வெளியே படுக்கை ஏற்பாடு செய்யாமல் கட்டடத்தை மட்டும் மூடினால், எதிரே இருக்கும் ட்வின் டவர்ஸில்தான் கொண்டுபோய் நெருக்கி வைக்க வேண்டியிருக்கும். அடுத்த சில ஆண்டுகளிலும் நீங்கள் அந்தப் பழைய கட்டடத்தை ரயிலிலிருந்து பார்த்துக்கொண்டேதான் போவீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உங்களிடம் வழி கேட்டவர். ஜெயிலிலிருந்து விடுவிக்கப்படுகிறவர்கள் இரவு எந்த நேரத்திலும் வெளியே வருவார்கள். உடைமைகள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையில்தான் இருக்கும். கைப்பேசி திரும்பக் கிடைத்தாலும் நாள்கணக்கில் அணைந்துகிடந்ததில் சார்ஜ் இருக்காது. யூனியன் ஸ்டேஷன் நடக்கும் தூரம் என்பதால் அங்கே வருவார்கள். அவரும் ஜெயிலிலிருந்து வந்தவரா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடுத்த முறை யாராவது கேட்டால், அவர் போக வேண்டிய ரயில் எந்த நடைமேடையில் என்று சொல்லுங்கள், போதும்.