குடும்ப ஜெபத்தில் பாட, வேத வசனங்களுக்கு நாமே மெட்டுப் போடுவது எப்படி?

கேள்வி இதுதான்: "வீட்டில் ஐந்து வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். வசனத்தை வாசித்தால் மறந்துவிடுகிறார்கள், பாடினால் நிற்கிறது. முறையாகச் சங்கீதம் படித்ததில்லை, கீபோர்டில் ஒற்றை விரலால் வாசிக்கத் தெரியும். வசனத்தை மாற்றாமல் அப்படியே பாட்டாக்க முடியுமா?"

தாராளமாக முடியும். ஆனால் கீபோர்டைத் திறக்கும் முன் வசனத்தைப் பத்து முறை சத்தமாக வாசியுங்கள். வசனத்துக்குள்ளேயே ஒரு தாளம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு மெட்டு தேடுகிறவர்களுக்கு வேலை பாதி முடிந்துவிடும். மனதில் ஓடும் ஒரு மெட்டை எடுத்து அதற்குள் வசனத்தைத் திணித்தால் சொல் உடையும், சில இடங்களில் பொருளே மாறிவிடும்.

தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கும் வசனப் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்புக்கு ஏற்றபடி எதுகை மோனையோடு சொற்களைத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சுதந்தரம் இல்லை. சொற்கள் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டன, மெட்டுத்தான் வளைந்து கொடுக்க வேண்டும். ஒரு சொற்றொடரை இரண்டு முறை பாடலாம், புணர்ச்சியைப் பிரித்துப் பாடலாம். ஒரு சொல்லைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள். பிள்ளை பின்னாளில் ஆலயத்தில் வேதாகமத்தைத் திறக்கும்போது, பாடின வரியே கண்முன் நிற்க வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது 1871-ல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பின் வழிவந்த நடை: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்." கத்தோலிக்க வீடுகளில் திருவிவிலியம்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." ஒரே வசனம், ஆனால் தாளம் முற்றிலும் வேறு. உங்கள் ஆலயத்திலும் ஞாயிறு பள்ளியிலும் எது வாசிக்கப்படுகிறதோ அதையே எடுங்கள். இரண்டையும் கலந்தால் பிள்ளை இரண்டையும் அரைகுறையாகச் சொல்லும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) ஐந்தே சொல். பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு சொல் வரை தாங்கும். நடுவில் அரைப்புள்ளி உள்ள வசனமாக இருந்தால் நல்லது, மெட்டும் இரண்டு பாதியாக அமைந்துவிடும். காலையில் பாட "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்; இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்" (118:24) அப்படிப்பட்டது.

இப்போது 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுத்து முழுவதுமாகச் செய்து பார்ப்போம். பள்ளியில் செய்யுளை அலகிடச் சொல்லித்தருவார்களே, அதே வேலைதான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். தனி எழுத்தோ ஒற்று சேர்ந்த எழுத்தோ நேரசை. இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால் நிரையசை. ஓர் அசைக்கு ஒரு தட்டு.

முதல் பாதி: கர்த் / தர் / என் / மேய்ப் / பரா / யிருக் / கிறார். ஏழு அசை.
இரண்டாம் பாதி: நான் / தாழ்ச் / சிய / டை / யேன். ஐந்து அசை.

ஆதி தாளத்துக்கு எட்டுத் தட்டு. முதல் பாதியில் ஏழு அசை இருப்பதால் கடைசி "கிறார்" இரண்டு தட்டு எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பாதியில் மூன்று தட்டு மிச்சம். "நான்" என்பதை இரண்டு தட்டுக்கும் "யேன்" என்பதை மூன்று தட்டுக்கும் நீட்டினால் கணக்கு சரியாகிவிடும். (– என்றாலும், கீழே ஸ்வரத்தில் வரும் , என்றாலும் முந்தையதை ஒரு தட்டு நீட்டுவது; | தாளத்தின் பிரிவு, || வரியின் முடிவு.)

கர்த் தர் என் மேய்ப் | பரா யிருக் | கிறார் – ||
நான் – தாழ்ச் சிய | டை யேன் | – – ||

"யேன்" என்பதை ஏன் அவ்வளவு நீட்ட வேண்டும்? "தாழ்ச்சியடையேன்" என்ற சொல்லில் எதிர்மறை முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. அது "வே" என்று காதில் விழுந்தால் "தாழ்ச்சியடைவேன்" ஆகிவிடும், வசனம் தலைகீழாகிவிடும். வேகமான மெட்டில் கடைசி அசையை விழுங்கிப் பாடும் பிள்ளைகளிடம் இது அடிக்கடி நடக்கும். மூன்று தட்டு கொடுத்துவிட்டால் "யே" தெளிவாக விழும். எந்த வசனத்திலும் இப்படிப் பொருளைத் தாங்கும் அசை எது என்று முதலில் தேடுங்கள். மெட்டில் நல்ல இடத்தை அதற்கு ஒதுக்கிவையுங்கள்.

தட்டு பழகிவிட்டதா? இனி ஸ்வரம். முதல் மெட்டுக்கு மோகன ராகம் எடுங்கள்: ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே அரைஸ்வர நெருக்கம் எங்குமே இல்லாததால் சிறுபிள்ளைகள் சுருதி தவறுவது குறைவு. ச-வை இரண்டு கட்டைச் சுருதியில், அதாவது டி-யில், வைத்தால் கீபோர்டில் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற கட்டைகள்.

ச ச ரி க | ப ப | க , ||
ப , த க | ரி ச | , , ||

கீபோர்டில்: டி டி இ எஃப் ஷார்ப், ஏ ஏ, எஃப் ஷார்ப் (இரண்டு தட்டு). பிறகு ஏ (இரண்டு தட்டு), பி, எஃப் ஷார்ப், இ, டி (மூன்று தட்டு). உச்ச ஸ்வரமான த, "தாழ்ச்" என்ற அசையில் ஒரே முறை வருகிறது. முழு மெட்டும் மத்திய ஸ்தாயி ச-வுக்கும் த-வுக்கும் நடுவே அடங்கிவிடுவதால் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே ஸ்தாயியில் பாடலாம், அப்பா ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். நிமிடத்துக்கு 80 தட்டு என்று மெட்ரோனோம் வைத்தால் வசனம் 12 விநாடியில் முடியும். நான்கு முறை பாடினாலும் ஒரு நிமிடம் ஆகாது.

கீபோர்டில் உள்ள ரிதம் பொத்தானைக் கற்றுக்கொடுக்கும் நாட்களில் தொடாதீர்கள். டிரம் சத்தம் வந்ததும் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுவார்கள், சொல் தேய்ந்துபோகும். கைத்தட்டு போதும். சங்கதி (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது), கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) எல்லாம் கேட்க அழகுதான். ஆனால் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்று இருக்கும் மெட்டுத்தான் பிள்ளைகள் வாயில் நிற்கும்.

அடுத்து, மிக அதிகமாக நடக்கும் பிழை: குறிலை நீட்டுவது. தமிழில் குறிலும் நெடிலும் வெறும் ஓசை வேறுபாடு அல்ல, சொல்லே வேறு. "எனக்கு ஒத்தாசை வரும்" என்ற இடத்தில் "வ" மேல் இரண்டு தட்டு நின்றால் "வாரும்" என்று கேட்கும். உறுதியாகச் சொல்லும் விசுவாச வார்த்தை, வேண்டுகோளாகிவிடும். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு" என்பதில் "ப" நீண்டால் "பாடு" காதில் விழும். நீட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் அடுத்துள்ள நெடிலுக்கோ, ம், ன், ல், ர் போன்ற ஒற்றில் முடியும் கடைசி அசைக்கோ தள்ளிவிடுங்கள். "வரும்" என்பதில் "ரும்" நீளலாம், "வ" நீளக் கூடாது. க், த், ப் போன்ற வல்லின ஒற்றின்மேல் நிற்கவே முடியாது. நின்றால் மூச்சு அடைத்துச் சுருதி இறங்கும்.

மூச்சு விடும் இடமும் இதே அளவு முக்கியம். 121-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." இதில் "வரும்" என்பது பர்வதங்களைச் சொல்லும் பெயரெச்சம். பலர் மெட்டில் "எனக்கு ஒத்தாசை வரும்" என்று நிறுத்தி மூச்சு வாங்குகிறார்கள். உடனே அது தனி வாக்கியமாகிவிடுகிறது, பர்வதங்கள் எதற்கு வந்தன என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. மூச்சு "நேராக" என்பதற்குப் பிறகுதான் வர வேண்டும். அதுவரை ஒரே மூச்சில் போகச் சிறுவர்களுக்குக் கடினம். அதனால் ஐந்து வயதுக்காரருக்கு இரண்டாம் வசனத்தை மட்டும் கொடுக்கலாம்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து / எனக்கு ஒத்தாசை வரும்." வாக்கியமும் அங்கே முடிகிறது, மெட்டும் ச-வில் வந்து இறங்கும். முதல் பாதியைப் பெரியவர்கள் பாட, கடைசி மூன்று சொல்லைச் சின்னவர் பாடட்டும். பர்வதம் என்றால் மலை, ஒத்தாசை என்றால் உதவி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொருள் தெரியாத சொல்தான் முதலில் உருமாறும்.

பட்டியலாக வரும் வசனங்களில் சிக்கல் வேறு விதம். கலாத்தியர் 5:22-23-ல் ஆவியின் கனி ஒன்பது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதை எட்டுத் தட்டுக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். மும்மூன்றாகப் பிரித்து மூன்று வரியாக்கி, மூன்றின் கணக்கில் தட்டுங்கள். முக்கியமாக, மூன்று வரிக்கும் ஒரே மெட்டு வேண்டாம். ஒரே மெட்டாக இருந்தால் தயவு இருக்க வேண்டிய இடத்தில் சாந்தம் வந்து உட்காரும், ஏனென்றால் இரண்டும் அந்தந்த வரியில் நடுச்சொல். முதல் வரி மேலேறட்டும், இரண்டாம் வரி மேலேயே நிற்கட்டும், மூன்றாம் வரி இறங்கட்டும். வரிசை தானாக நிலைத்துவிடும்.

ஒரு முழுச் சங்கீதத்தையே பாட விரும்பினால் மெட்டுப் போடாமல் ஓதும் முறையைக் கையாளுங்கள். ஒரே ஸ்வரத்தில் (ப வைத்துக்கொள்ளலாம்) வரியை இயல்பான பேச்சு வேகத்தில் ஓதிப்போய், கடைசி மூன்று அசையில் மட்டும் க, ரி, ச என்று இறங்குங்கள். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருவதால் இறக்கம் சரியாக வினைமேல் விழும். இந்த முறைக்குத் தமிழ் அவ்வளவு பொருத்தமான மொழி! 136-ஆம் சங்கீதம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. முன்பாதியை ஒருவர் ஓத, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பதை வீடு முழுவதும் சேர்ந்து பாடலாம். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் அதில் 26 முறை பங்கு கிடைக்கிறது.

இரவுக்கு 4-ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்; கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." தாலாட்டுக்குப் பெயர்பெற்ற ராகம் நீலாம்பரி. அதைக் கீபோர்டில் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது, வாய்ப்பாட்டு தெரிந்தவர் பாடிக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன மோகனத்தையே நிமிடத்துக்கு 60 தட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். "தங்கப்பண்ணுகிறீர்" என்பதில் "ப்ப" அழுத்தி விழுந்தால் தூங்கப்போகும் குழந்தை திடுக்கிடும். உதட்டை மெல்ல மூடித் திறந்தால் போதும்.

வாரத்துக்கு ஒரு வசனம், நாளுக்கு ஐந்து நிமிடம். முதல் நாள் பொருளும் கைத்தட்டும் மட்டும். இரண்டாம் நாள் மெட்டு. வசனம் எங்கே இருக்கிறது என்பதையும் ("சங்கீதம் இருபத்துமூன்று, ஒன்று") பாடி முடித்ததும் பேச்சாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்த்தால் ஒட்டாது. ஆறாம் நாள் மெட்டில்லாமல் சொல்லச் சொல்லுங்கள். நடுவிலிருந்து தொடங்கியும் கேளுங்கள். "நான்" என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் "தாழ்ச்சியடையேன்" என்று வர வேண்டும். முதலிலிருந்து பாடினால்தான் வருகிறது என்றால் இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வசனம் சேர்ந்ததும் இன்னொரு தொல்லை வரும்: எல்லாம் ஒரே மாதிரி கேட்கும், ஒன்றைத் தொடங்கி மற்றொன்றில் முடிப்பார்கள். பாட்டை நினைவுக்கு இழுத்துவருவது அதன் முதல் மூன்று நான்கு ஸ்வரங்கள்தான். ஆகவே ஒவ்வொரு புதிய வசனத்தையும் வேறு ஸ்வரத்தில் தொடங்குங்கள். இரண்டு மோகனத்துக்குப் பிறகு ஒரு சங்கராபரண ராகம், இரண்டு ஆதிக்குப் பிறகு ஒரு ரூபக தாளம் என்று மாற்றுங்கள். சினிமா மெட்டில் வசனத்தைப் போடுவது எளிதாகத் தோன்றும், ஆனால் மெட்டு கேட்டவுடன் பழைய சொற்கள்தான் முதலில் நினைவுக்கு வரும், வசனம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

"ஒருவருக்கொருவர் தயவாயும் மனஉருக்கமாயும் இருந்து" (எபேசியர் 4:32) என்பதைப் பிள்ளைகள் சண்டைபோட்ட வேளையில் தண்டனையாகப் பாடவைக்காதீர்கள். சண்டை இல்லாத நல்ல நாளில் கற்றுக்கொடுத்துவிடுங்கள், சண்டை நாளில் நீங்கள் சமையலறையில் மெதுவாக முணுமுணுத்தாலே போதும்.

வீட்டில் பாடுவதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. யூடியூபில் ஏற்ற நினைத்தால், மெட்டு உங்களுடையது என்றாலும் புதிய மொழிபெயர்ப்புகளின் வாசகத்துக்குப் பதிப்புரிமை உண்டு. வேதாகமத்தின் முன்பக்கத்தில் உள்ள உரிமைக் குறிப்பைப் பார்த்து வெளியீட்டாளருக்கு எழுதிக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.