ஒளிர்வது ஓட்டுக்குள்ளா, வெளியிலா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். தட்டைப்பயறு வைரஸின் புரத ஓட்டுக்குள் குவாண்டம் புள்ளிகளை (ஒளிரும் நானோ துகள்களை) அடைத்துச் செல்களுக்குக் கொடுத்தேன். செல் முழுக்கச் சிவப்பாக ஒளிர்கிறது. புள்ளிகள் ஓட்டுக்குள்தான் இருக்கின்றன என்று நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஓட்டின் குறுக்களவே சுமார் 28 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அடைபட்ட புள்ளியும் வெறும் புள்ளியும் அதற்கு ஒன்றுதான். செல்லுக்குக் கொடுக்கும் முன்பே, குழாயிலேயே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளிகளின் மேற்பூச்சு என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. பலர் கோட்டை விடுவது அங்கேதான். பிரித்த ஓடு புள்ளியைச் சுற்றி மறுபடி கூடுவதற்கு பிஎச் 5 பக்கம் வேண்டும். மெர்காப்டோ புரோப்பியானிக் அமிலம் பூசிய புள்ளிகள் அந்த அமிலத்தன்மையில் மின்னேற்றத்தை இழந்து திரண்டுவிடும். கரைசல் கலங்கி அடியில் படியும். ஓட்டின் உட்புறம் ஆர்என்ஏவைப் பிடிப்பதற்காக நேர்மின்னேற்றத்தோடு அமைந்தது. ஆகவே எதிர்மின்னேற்றம் தரும் கார்பாக்சில் முனையுள்ள, திரளாமல் காக்கும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூசிய புள்ளிகளை வாங்குங்கள். விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அப்புறம் சுக்ரோஸ் அடர்த்திச் சரிவில் (மேலிருந்து கீழே அடர்த்தி கூடும் சர்க்கரைக் கரைசலில்) வைத்துச் சுழற்றி, குழாயில் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். வெறும் புள்ளிகள் மேலே தங்கும்; அடைபட்டவை கீழே தனிப் பட்டையாக ஒளிரும். அந்தப் பட்டையை மட்டும் உறிஞ்சி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே கேட்டுப் பாருங்கள். யுரேனைல் அசிட்டேட் சாயமிட்ட படத்தில் வளையத்தின் நடுவே கறுப்பைக் கண்டதும் குதிக்காதீர்கள். வெற்று ஓட்டுக்குள் சாயம் புகுந்தாலும் அப்படித்தான் தெரியும். சாயமிடாமலும் ஒரு படம் கேளுங்கள். அதில் தெரிவது புள்ளியேதான்.

செல் சோதனையில் அதே பூச்சுள்ள வெறும் புள்ளிகளை அதே அளவில் செல் தட்டின் ஒரு குழியில் விடுங்கள். இன்னொரு தட்டை 4 டிகிரியில் வையுங்கள்; அந்தக் குளிரில் செல் துகள்களை உள்ளே இழுக்காது. அங்கேயும் அதே ஒளி இருந்தால், செல்லின் மேல் ஒட்டியதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

புள்ளிகள் காட்மியம் கலந்தவை என்றால் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தனியாகச் சேர்த்து வையுங்கள். வைரஸை இலையிலிருந்து எடுத்திருந்தால், மிச்ச இலைகளை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்துவிட்டே வெளியே போடுங்கள். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பக்கத்து வயல் பயறுக்குத் தொற்றும்.