ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தானா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். ஈரோட்டில் பி.இ. முடித்துச் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது அவளுக்கு ஐந்து வயது, பையனுக்கு இரண்டு. என் கனவுகளைத் தியாகம் செய்துவிட்டுத்தான் வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் நிறைவாக இருக்கிறேன்.

காலையில் சடை பின்னும்போது மகள் சொல்லும் கனவுக் கதை, அரிசியும் பருப்பும் சோற்றிலிருந்து சின்ன வெங்காயத்தை மட்டும் பொறுக்கி வட்டல் ஓரத்தில் அவள் வரிசையாக வைப்பது, சாயங்காலம் தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாக இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடப்பது, இதுவே போதும் என்று இருக்கிறது. கூடப் படித்தவர்கள் "இத்தனை படிச்சது வீணாப் போச்சே" என்கிறார்கள். மாமியாரும் ஒருநாள் அதையே சொன்னார்கள். நான் நிறைவு என்று நினைப்பது சோம்பேறித்தனமா?

நாள் ஓடுவதைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. இந்த மழலை எத்தனை நாளைக்கு? எப்படியும் ஒன்பதாம் வகுப்பில் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவோம் என்று வீட்டில் பேச்சு. என் வீட்டுக்காரரின் அண்ணன் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். அதுவரைக்கும் கிடைப்பதை முழுசாக அனுபவித்துவிட வேண்டும். அதற்கு என்ன வழி? தினமும் டைரி எழுதலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள அம்மணிக்கு,

சோம்பேறித்தனம் இல்லை. இரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு யாராலும் சோம்பேறியாக இருக்க முடியாது. கூடப் படித்தவர்கள் சொல்வதை விட்டுத் தள்ளுங்கள். மாமியார் சொன்னதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். அவர்கள் காலத்தில் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் களை வெட்டப் போனார்கள். படித்த மருமகள் சம்பாதிப்பாள் என்று அவர்களுக்கும் ஒரு ஆசை இருந்திருக்கும். பிறகு எப்போதாவது வேலைக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள், அதற்காக வருத்தப்பட வேண்டாம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் தைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து, தூங்கிவிட்ட பிள்ளையின் காலைப் பிடித்துவிடுகிற பெண்ணுக்கும் இந்த நிறைவு உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தியாகம் செய்தேன் என்று எழுதி, மை காய்வதற்குள் நிறைவாக இருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் உண்மை என்று வாய்க்கால் நடையைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அப்படியானால் முதலாவதை இனி வாயில் எடுக்காதீர்கள். உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் தெரியுமா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அம்மா பக்கத்தில் உட்காரவே தயங்குவார்கள். நான் அப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். பேச்சோடு பேச்சாக ஒரு வரி போகிறது உங்கள் கடிதத்தில். "எப்படியும் ஒன்பதாம் வகுப்பில் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில்." அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த சமயத்தில் எங்கள் வீதியில் ஒரு வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் கொடுத்த பட்டியல்படி இரும்புப் பெட்டி, பக்கெட், மக்கு, பூட்டு இரண்டு, பெயர் வெட்டிய தட்டும் டம்ளரும். அந்தப் பையனுக்குப் பதிமூன்று முடிந்து பதினாலு. திண்ணையில் உட்கார்ந்து நாய்க்குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னிடம், "இங்க இருந்தா ஊரைச் சுத்திக் கெட்டுப் போயிருவானுங்க" என்றாள். அவன் எங்கே சுத்தினான்? கிரிக்கெட் ஆடினான், வாய்க்காலில் குதித்தான். அவ்வளவுதான்.

ஐந்து வயதுக் குழந்தையின் ஒவ்வொரு சொல்லையும் பத்திரப்படுத்தத் தெரிந்த உங்களுக்கு, அந்தக் குழந்தை பதினாலு வயதில் என்னவாக இருப்பாள் என்று பார்க்க ஆசையே இல்லையா? அதற்கு மட்டும் வார்டன் போதுமா? தாய்மையின் ருசியெல்லாம் மழலையோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு மார்க்கும் ஃபீஸும்தான் என்று யார் சொன்னது?

யோசித்துப் பார்த்தால் நம் இலக்கியமும் இதில் கொஞ்சம் கஞ்சம்தான். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். காப்பில் தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று மாதக் கணக்கில் குழந்தையின் ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள். ஆண் குழந்தை என்றால் சிறுதேர் உருட்டுவதோடு பாட்டு முடிந்துவிடும். பெண் குழந்தை என்றால் அம்மானை, ஊசல். அதற்கு மேல் தாய் வாய் திறப்பது பெரும்பாலும் சங்க அகப்பாட்டில், மகள் காதலனோடு போய்விட்ட பிறகு. தேன் கலந்த பாலைக் கிண்ணத்தில் ஏந்திக் கெஞ்சினாலும் குடிக்காமல் ஓடுவாளே, இப்போது எப்படி இருக்கிறாளோ என்று அழுகிறாள். தேர் உருட்டியதற்கும் வீட்டை விட்டுப் போனதற்கும் நடுவில் ஒரு பத்து வருடம் இருக்கிறதே, அதைப் பற்றி வீட்டுத் தாயின் பாட்டு ஏன் இத்தனை குறைவு? எனக்கு இது நெடுநாளைய ஆதங்கம்.

அந்த நடு வருடங்களில்தான் பிள்ளை முதல்முறையாக நம்மைப் பார்க்கிறது. சின்னக் குழந்தைக்கு நாம் வேண்டும், ஆனால் நாம் யார் என்று அதற்குத் தெரியாது. என் மகன் பதினாறு வயதில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வாயைத் திறக்க மாட்டான். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் மறுநாளைக்குக் கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ ஏம்மா மேல படிக்கல?" என்றான். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. என்னைப் பெற்றவர்கள் கேட்கவில்லை, கட்டிக்கொண்டவர் கேட்கவில்லை. சொன்னேன். பெரிய மனுஷன் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம் தோசை இருக்கிறதா என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குக் கிடைத்ததை அவன் தத்தித் தத்தி நடந்த நாட்கள் கொடுக்கவில்லை.

மகள் வேறு ரகம். பதினைந்து வயதில் எதற்கெடுத்தாலும் சண்டை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேச மாட்டாள். மூன்றாம் நாள் தானாக வந்து, பேன் பார் என்று மடியில் தலையை வைப்பாள். அந்தச் சண்டையும் வேண்டும் அம்மணி. வீட்டில் சண்டை போட்டு, சமாதானமாகி, தான் சொன்னது தப்பு என்று தானே உணர்ந்து வளர்கிற பிள்ளைக்கும், மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படுக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

என் பெரியம்மா மகள் தன் பையனை அப்படித்தான் சேர்த்தாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். நானும் ஒருமுறை கூடப் போனேன். காம்பவுண்டுக்கு வெளியே மரத்துக்கு மரம் ஒரு குடும்பம், பாயை விரித்து உட்கார்ந்திருந்தது. கேரியர் கேரியராகக் கறிக்குழம்பும் பிரியாணியும். எங்கள் பையன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவள் "டெஸ்ட்ல என்ன மார்க்கு சாமி?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொன்னான். வேறு எதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை, எதைச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. மணியடித்ததும் போய்விட்டான். அந்த வருடம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் வயதுப் பையன்கள் எல்லாரும் கம்பத்தைச் சுற்றி விடிய விடிய ஆடினார்கள். இன்றைக்கு அவன் பெங்களூரில் நன்றாகத்தான் இருக்கிறான். அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறான். அவள் போன பொங்கலுக்கு வந்தபோது, காப்புக் கட்டப் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சேர்த்துவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அவனுக்கு எப்ப மீசை மொளைச்சுதுன்னே எனக்குத் தெரியாது புள்ளை."

பெண் பிள்ளை என்றால் இன்னும் கொடுமை. வயசுக்கு வந்த புதிதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் நாளில், வார்டன் அறை வாசலில் மாத்திரைக்கு நிற்க வேண்டும். உங்கள் மகளை அங்கே நிற்க வைக்கவா இப்போது இத்தனை ஆசையாகச் சடை பின்னுகிறீர்கள்?

மார்க் முக்கியமில்லையா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். முக்கியம்தான். ஆனால் இந்தப் பழக்கம் நம் பக்கம் எப்படி இத்தனை பெருத்தது என்று பாருங்கள். 2007-லிருந்து இங்கே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க் மட்டும்தான் என்றானது. ஏற்கெனவே பேர் வாங்கியிருந்த நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல்களில் அப்புறம் இடம் கிடைப்பதே பெரும்பாடானது. பல இடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 2017-ல் அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அந்தக் கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். அதே வருடம் நீட்டும் வந்துவிட்டது. மனப்பாடம் செய்து வாங்கிய மார்க்குக்கு மருத்துவக் கல்லூரி வாசலில் மதிப்பு போனது. உடனே அதே ஹாஸ்டல்களில் நீட் கோச்சிங் போர்டு தொங்கியது. தேர்வு மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் மகள் பதினேழு வயதாகும்போது எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பியா நாலு வருடத்தைக் கொடுப்பீர்கள்?

இந்த ஹாஸ்டல் பள்ளிகளைக் கோழிப்பண்ணை என்று எல்லாரும்தான் திட்டுகிறார்கள். திட்டிவிட்டு அவர்களே போய் அட்வான்ஸ் கட்டுகிறார்கள். எல்லாரும் சேர்க்கிறார்கள், நாம் சேர்க்காவிட்டால் நாளைக்குப் பிள்ளை கேட்குமே என்கிற பயம். அந்தப் பயத்துக்குத்தான் தோட்டத்தை அடமானம் வைக்கிறார்கள்.

வேறு வழியில்லாதவர்களைப் பற்றி நான் பேசவில்லை. தாளவாடி மலையில் ஊருக்குப் பள்ளி இல்லாத பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் வரம். தாயும் தகப்பனும் ராத்திரி வரைக்கும் கம்பெனியில் நிற்கிற வீட்டில், பிள்ளையைத் தனியாக விட முடியாமல் சேர்க்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? நீங்கள் அப்படியில்லை. வீட்டில் இருக்கிறீர்கள், பள்ளிகள் நிறைந்த கோபியில் இருக்கிறீர்கள், பிள்ளைகளோடு இருப்பதுதான் நிறைவு என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு ஏன் "எப்படியும்"?

டைரி கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைவிட அவள் சொன்னதை அவள் வாய்ச் சொல்லிலேயே தேதி போட்டு எழுதுங்கள். பெரியவளானதும் எடுத்துப் படிப்பாள், நீங்கள் எழுதியது சரியில்லை என்று சண்டைக்கும் வருவாள். வாய்க்கால் நடைக்கு வாரத்தில் ஒருநாளாவது வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்குங்கள்.

அப்புறம் ஒரு காரியம் செய்யுங்கள். ஹாஸ்டல் பேச்சு அடுத்த முறை எழும்போது, உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு நடை போய் ஆசிரியைகளிடம் பேசிவிட்டு வாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 2020-லிருந்து 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அவர் கணக்குப் பார்க்கிறவர் என்றால் இதையும் சொல்லுங்கள். போய்விட்டு வந்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் அண்ணன் பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு வந்தால் யாரோடு பேசுகிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா