பொறுப்பை மறுக்க ஒரு சோதனைத் தாள் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 29. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அண்மையில் பயிற்சி முகாமில் மயர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை வைத்தார்கள். நான் ‘இன்ட்ரோவர்ட்’, அதாவது ஒதுங்கியிருக்கும் இயல்புடையவள் என்று வந்தது. படித்தால் அப்படியே என்னைப் படம்பிடித்ததுபோல் இருக்கிறது. இப்போது குழுத் தலைவர் பொறுப்பு தருகிறேன் என்கிறார் மேலாளர். நான் கூட்டங்களில் வாய் திறக்காதவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் புரோகிராமில் பிழை வந்தால் என் மேசைக்கு வருவார்கள். பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் பார்த்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். மறுத்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மறுப்பதென்றால் வேறு காரணம் இருக்கட்டும். இந்தச் சோதனை காரணமாக வேண்டாம்.

இதை அமைத்தவர்கள் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும். இருவரும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலை அடிப்படையாகக் கொண்டார்கள். அதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு எது பிடிக்கும் என்றுதான் இது கேட்கிறது. எது செய்ய வரும் என்று கேட்பதே இல்லை. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். தவிர, மனிதர்களில் பெரும்பாலோர் கலகலப்புக்கும் ஒதுக்கத்துக்கும் நடுவில் இருப்பவர்கள். சோதனையோ நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு வகையாகப் பிரித்துவிடுகிறது. கோட்டை ஒட்டி நிற்பவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வகை மாறிவிடுவதும் உண்டு.

படம்பிடித்ததுபோல் இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் சொன்ன பதில்களைத்தானே கோத்துத் தருகிறார்கள், பொருந்தாமல் எப்படி இருக்கும்? அதோடு, இத்தகைய வரிகள் யாருக்கும் பொருந்தும். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, பிறகு ஆளுக்கோர் அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ‘சில சமயம் நன்றாகப் பழகுவீர்கள், சில சமயம் ஒதுங்கியிருப்பீர்கள்’ என்பதும் அதில் உண்டு.

கடைசியில் ‘அவ்வளவுதான்’ என்று முடித்தீர்களே, அந்த இடத்தில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிழையோடு வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடிந்துகொள்ளாமல் சொல்லிக்கொடுப்பது குழுத் தலைவரின் வேலையில் பெரும்பகுதி. அதைப் பொறுப்பு வருவதற்கு முன்பே செய்துகொண்டிருக்கிறீர்கள்! அமெரிக்காவில் 57 பீட்சா கடைகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் தாமாக யோசனை சொல்கிற கடைகளில் அதிகம் பேசாத மேலாளர்களின் கீழ்தான் லாபம் கூடுதல். சொன்னதை மட்டும் செய்கிற கடைகளில் கலகலப்பானவர்கள் முந்தினார்கள். ஆகவே உங்கள் குழு எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள்.

உங்களோடு வேலை பார்த்த இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். ‘நான் எப்படிப்பட்டவள்?’ என்று கேட்டால் உபசார வார்த்தைதான் வரும். ‘நான் உங்களுக்குக் கைகொடுத்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். வரும் பதில்களை எழுதிவையுங்கள். பிறகு மேலாளரிடம் போங்கள். கூட்டத்தில் பேச வேண்டியதை முதல் நாளே எல்லோருக்கும் எழுதி அனுப்பலாமா, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிக் குழுவை நடத்தலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.